அண்டாவுக்கு முளைத்த மீசை

லூர்துமேரி அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அது ஒரே பொய்யைத்தான் சொன்னது.

‘மேற்படி பழைய வேதியியல் ஆய்வுக்கூடம் முற்றிலும் காலி செய்யப்பட்டு, அபாயம் விளைவிக்கும் பொருள் எதுவுமின்றி, மாணவர் விடுதியின் சமையற்கூடமாகப் பயன்படுத்தத் தகுந்த நிலையில் இன்று ஒப்படைக்கப்படுகிறது.’ அடியில் ஒரு புள்ளிக்கோடு. கோட்டுக்கடியில் ‘ஆய்வக உதவியாளர்’ என்று தட்டச்சு.

“எங்க போடறதுன்னு தெரியலியாம்மா? கோட்டு மேலதான்,” என்றார் கல்லூரி முதல்வர் மாதேஸ்வரன்.

“கோடு தெரியுதுங்க சார். கோட்டுக்கு மேல அடிச்சிருக்கறதும் தெரியுது. அதனாலதான் போடல.”

மாதேஸ்வரன் ‘பொறுப்பு முதல்வர்’. ஒன்றரை வருஷமாகப் பொறுப்பு. நிரந்தரம் ஆவதற்காக அவர் போகாத கோயில் இல்லை, திறக்காத கட்டடம் இல்லை. சைக்கிள் நிறுத்தத்தைத் திறந்தார். குடிநீர்க் குழாயைத் திறந்தார். அதாவது ரிப்பன் வெட்டித் திறந்தார், தண்ணீர் வரவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரி வருகிறார். எண்பது விடுதிப் பையன்களுக்குப் புதுச் சமையற்கூடம். கல்வெட்டு சேலத்திலிருந்து வந்து இறங்கிவிட்டது. கட்டடம்தான் பாக்கி. அதற்குத்தான் பழைய ஆய்வுக்கூடம் இருக்கிறதே, சும்மா.

சும்மா கிடப்பதற்குக் காரணம் உண்டு. அரூருக்கு நாலு மைல் தள்ளி வெள்ளைக்கல் மேட்டில் இந்தக் கல்லூரி வந்த காலத்தில் பி.யு.சி. என்று ஒரு வகுப்பு இருந்தது. அது பிளஸ் டூ என்று பேர் மாறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் எட்டு வருஷம் ஆயிற்று. போன வருஷம், எண்பத்தைந்தில், பட்டப்படிப்புக்கும் புது ஆய்வுக்கூடம் கட்டி முடிந்தது. பழையதை ஒழித்துக் கொடுக்கும் வேலை லூர்துமேரி தலையில் விழுந்தது. துறைத்தலைவர் தலையில்தான் விழுந்திருக்க வேண்டும். ஆனால் சான்றிதழில் கையெழுத்து என்ற பேச்சு காதில் விழுந்த மத்தியானமே அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, மருத்துவ விடுப்பில் போய்விட்டார். பதினாலு வருஷமாகச் சாவி வைத்திருப்பவள் லூர்துமேரி. சாவி யாரிடமோ, பழியும் அவரிடமே.

அவள் இரண்டு மாதம் பாடுபட்டாள். அமிலங்களைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சுண்ணாம்பு போட்டு அடக்கினாள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அது திரும்ப நம் மேல் ஊற்றும். அலமாரியின் கடைசித் தட்டில், மூடியைச் சுற்றி மஞ்சள் பொருக்குப் பூத்த பிக்ரிக் அமிலப் புட்டி ஒன்று இருந்தது. காய்ந்துபோனால் மூடியைத் திருகினாலே வெடிக்கிற சாதி அது. அவள் திருகவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரையும் வெளியே விரட்டி, வெடிமருந்து இலாகாவுக்குப் போன் போட்டாள். சேலத்திலிருந்து ஜீப்பில் இரண்டு பேர் வந்து எடுத்துப் போனார்கள். வரும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள், போகும்போது மூச்சுவிடவில்லை.

“பாட்டிலெல்லாந்தான் போயிடுச்சே, அப்பறம் என்னம்மா?” என்றார் மாதேஸ்வரன்.

“பாட்டில் போயிடுச்சுங்க சார். தரை போகலீங்களே.”

அந்தத் தரையின் சங்கதி அவளுக்குத்தான் தெரியும். கடப்பாக்கல் பாவிய தரை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்புக் காரை. அது உதிர்ந்து விரல் நுழைகிற இடுக்காகிவிட்டது. தெர்மாமீட்டரை உடைக்கிற பையன் தண்டம் கட்ட வேண்டும் என்பது கல்லூரி விதி. கட்டாமல் தப்புவது எப்படி என்பது பையன்களின் விதி. பாதரசம் கீழே சிந்தினால் விரலுக்குச் சிக்காது. துடைப்பத்தால் கூட்டினால் ஒன்று நூறாகும். ஆகவே செருப்புக் குதிகாலால் ஒரு தள்ளு. உருண்டு இடுக்குக்குள் இறங்கிவிடும். வாத்தியார் வந்து பார்க்கும்போது தரை பளிச்சென்று இருக்கும். இந்த ஞானத்தை மூத்த பையன்கள் இளைய பையன்களுக்கு வருஷாவருஷம் தவறாமல் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரியில் ஒழுங்காக நடந்த பாடம் அது ஒன்றுதான். இருபது வருஷம், வருஷத்துக்கு நூற்றிருபது பையன்கள்.

அவளுக்கு முன்னால் அங்கே உதவியாளராக இருந்தவர் சவரிராயன். சன்னல் திறந்தால் தராசுத் தட்டு ஆடுமென்று, இருபத்துநாலு மணி நேரமும் சாத்திய அறையில் இருந்தவர். கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடித்தால் பாதி டீ சட்டைக்கு. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. சொந்தத் தம்பி பேர் மறந்துபோனது. ஊர் ஒரே வார்த்தையில் வைத்தியம் பார்த்தது: குடிகாரன். ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்தப் பட்டம் வாங்கின மனுஷர் அவர். பங்குச்சாமியாரே கூப்பிட்டு, குடியை விடச் சொல்லியிருக்கிறார். “இல்லாத குடிய எப்பிடி மேரி வுடறது? மொதல்ல ஆரம்பிக்கணும்ல?” என்று அவளிடம் வந்து சிரித்தார். சிரிக்கும்போதும் உதடு நடுங்கியது. போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், அடக்கம் பண்ணினார்கள்.

“பாதரசம் சும்மா கெடந்தாலே ஆவியாவும் சார். அடுப்பு வெச்சா கேக்கவே வேணாம். கல்லப் பேக்கணும், இடுக்கச் சுரண்டணும், கந்தகம் போடணும், தொட்டிக் குழாயிலயும் தங்கியிருக்கும், அத அறுத்து எடுக்கணும். அப்பறமும் அங்க சோறாக்கக் கூடாது.”

“தரைதானம்மா? நல்லா சாணி போட்டு மெழுகிட்டா தீந்துது. சாணியே கிருமிநாசினி. நம்ம முன்னோருங்க என்ன சாதாரண ஆளுங்களா?”

“கிருமியா இருந்தா சாணியில செத்துப்போவும் சார். இது கிருமியில்ல.”

“மாத்திப்புடுவேன் உன்னை. காட்டுக்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு.”

“அங்கயும் சாவி குடுப்பாங்கல்ல சார்? அங்கயும் படிச்சிப் பாத்துத்தான் போடுவேன்.”

புள்ளிக்கோட்டை அப்படியே புள்ளிகளாக விட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

முதல்வர்கூடப் பரவாயில்லை. விடுதிச் சமையல்காரி தீர்த்தம்மாள்தான் விடவில்லை. விறகுச் சுமையோடு குறுக்கே வந்து நின்றாள்.

“ஏன் மேரிக்கா, கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டியாமா? எனக்கு ஒரு கூரை வந்தா உனக்கு எங்க எரியுது?”

“எனக்கு எரியல. உனக்குத்தான் எரியும்.”

“எரியட்டும். இப்ப மட்டும் என்ன குளுகுளுன்னா இருக்குது? தகரக் கொட்டாயி. வெயிலுக்கு நானும் வெந்து சோறும் வேவுது. மழ பேஞ்சா சாம்பார்ல தவள குதிக்குது. பையனுங்க கறின்னு நெனச்சுக்கறானுங்க. நாலு செவுரு, மேல ஓடு, ஒரு தொட்டி. ராசாத்தியாட்டம் நின்னு ஆக்குவேன்ல?”

“காலையில நாலு மணியிலருந்து ராத்திரி எட்டு வரைக்கும் அதுக்குள்ள நிக்கப் போறவ நீ. சவரிராயன் மாமா கை எப்பிடி ஆடிச்சுன்னு பாத்தியில்ல?”

“அவரு குடிச்சாரு.”

“குடிக்கல.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க, எம் புருசன் உட்பட,” என்று விறகைத் தோள் மாற்றிக்கொண்டு தீர்த்தம்மாள் போய்விட்டாள்.

புதன்கிழமை எழுத்தர் மாது ஆபீஸ் சாவியை எடுத்து வந்து கூடத்தைத் திறந்தார். சுண்ணாம்படிக்க ஆள் வந்தது. கூட்டுவதற்கு ஒருத்தி விளக்குமாறோடு குனிந்தபோது லூர்துமேரி ஓடிப்போய்ப் பிடுங்கினாள். “செவுத்த அடிங்க, தரையத் தொடாதீங்க.” அந்தச் சமயம் பார்த்து வெளியே ஒரு பெரும் சத்தம். எண்பது பேருக்குச் சோறாக்கும் அலுமினிய அண்டாவைத் தீர்த்தம்மாளும் இரண்டு ஆட்களும் தூக்கி வந்து, வாசற்படி தாண்டியதும் கை சலித்துக் கீழே போட்டு, தரதரவென்று கல்தரையில் இழுத்து நடு அறைக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி.

“யார் எடுக்கறான்னு பாக்கறேன்,” என்றாள் தீர்த்தம்மாள், இடுப்பில் கை வைத்து.

லூர்துமேரி அண்டாவைப் பார்த்தாள். அது இழுபட்ட தடத்தைப் பார்த்தாள். தடம் மூன்று இடுக்குகளைத் தாண்டிப் போயிருந்தது. அடியெல்லாம் சிராய்ப்பு. அவள் முகத்தில் சண்டை இறங்கி வேறு ஏதோ ஏறியது.

“யாரும் எடுக்க மாட்டாங்க. இருக்கட்டும். இன்னிக்குச் சாயங்காலம் சோத்துக்குப் பழைய தவலைய வெச்சுக்க. நாளைக்குக் காலையில நீயே வந்து எடு.”

இவ்வளவு சுலபமாக ஜெயித்தது தீர்த்தம்மாளுக்கே பிடிக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலையில் அண்டாவைச் சாய்த்தபோது அதற்கு மீசை முளைத்திருந்தது.

அடிப்பக்கம் சிராய்ப்பு இருந்த இடத்திலெல்லாம் வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி, பூஞ்சை மாதிரி, கிழவன் மோவாய் மாதிரி. சில இடத்தில் விரல்கடை நீளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொத்து மெல்ல நிமிர்ந்தது. தீர்த்தம்மாள் அண்டாவை விட்டுவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் குதித்தாள்.

“செய்வினை! யாரோ வெச்சுட்டாங்க! நான் அப்பவே நெனச்சேன், நீ சும்மா விட்டுட்டுப் போன்னு சொல்றப்பவே! என்னத்தக்கா மந்திரிச்ச? உங்க கோயில்ல இதெல்லாம்கூடப் பண்ணுவாங்களா?”

“கையால தொடாத. சூடா இருக்கும். இங்க வா, மந்திரிச்சது யாருன்னு காட்டறேன்.”

லூர்துமேரி டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்தாள். இடுக்குகளில் அங்கங்கே பூனைக் கண் மாதிரி மினுமினுத்தது. மடித்த தபாலட்டையை ஓர் இடுக்கில் விட்டு இழுத்தாள். கடுகளவு, மிளகளவு, புளியங்கொட்டையளவு என்று வெள்ளிக் குண்டுகள் உருண்டு வந்தன. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரால் உறிஞ்சித் தண்ணீர் நிறைத்த கண்ணாடிப் புட்டிக்குள் விட்டாள். ஒரு முழ நீள இடுக்குக்கு அரைச் சிட்டிகை அல்ல, அரைக் கரண்டி வந்தது.

“இதுதான். அலுமினியத்துல கீறல் கெடச்சா உள்ள பூந்து இப்பிடிப் பூக்க வெச்சுரும். தண்ணி ஊத்திப் பாரு அண்டாவுல.”

ஊற்றினாள். ஊசிமுனை அளவு ஓட்டை வழியாகச் சொட்டியது. நேற்று வரைக்கும் எண்பது பேருக்குச் சோறு போட்ட அண்டா.

தீர்த்தம்மாள் குனிந்து ஓட்டையை விரலால் தடவப் போய், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“எக்கா. அண்டாவையே இப்பிடி அரிச்சா, எங் கொடல என்ன பண்ணும்?”

‘கொடலும் ஓட்டையாகும்’ என்று சொல்லியிருந்தால் வேலை சுலபம். லூர்துமேரிக்கு அந்த வாய் இல்லை.

“அண்டாவுக்குப் பண்றதையே உனக்கும் பண்ணும்னு பொய் சொல்ல மாட்டேன். உனக்கு மெதுவாப் பண்ணும். மூச்சுல போவும். ஒரு வருசம், ரெண்டு வருசம் ஒண்ணும் தெரியாது. அப்பறம் கரண்டி ஆடும். அண்டான்னா மறுநாளே சொல்லிருது. மனுசன் சொல்றதுக்குள்ள ஊரு குடிகாரின்னு பேரு வெச்சுரும்.”

தீர்த்தம்மாள் தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். ஆடவில்லை. அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“மொதலுவரு என்னை இன்னிக்கு இதுல சாணி மெழுகச் சொல்லியிருக்காரு.”

“மெழுகப் போறியா?”

“மெழுகுனா இந்த வெள்ளிக் குண்டனுங்கள்லாம் உள்ள ஒளிஞ்சுக்குவானுங்க. தெரியட்டும். வர்றவரு கண்ணுல படட்டும்.”

வெள்ளிக்கிழமை வாழைமரம் கட்டியாயிற்று. மைக்செட் காலை ஆறு மணிக்கே பக்திப் பாடலில் ஆரம்பித்துக் காதல் பாடலுக்கு வந்திருந்தது. கல்வெட்டு இன்னும் சுவரில் பதிக்கப்படாமல் பெஞ்சுமேல் சாய்ந்து பச்சைத்துணி போர்த்திக்கொண்டிருந்தது. நடு அறையில் செங்கல் அடுப்பு, புதுப் பானை, பால். பால் பொங்கினால் திறப்பு முடிந்த மாதிரி. மாவட்ட அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் பாப்பாரப்பட்டியில் அவருக்கு இன்னொரு திறப்பு.

“ஏன் மெழுகல?” என்று பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டார் மாதேஸ்வரன், உதடு மட்டும் அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. “சரி சரி, பத்த வை.”

“பத்த வெக்க மாட்டேனுங்க,” என்றாள் தீர்த்தம்மாள்.

மைக் பக்கத்தில் இருந்தது. அது கல்லூரிக்கே கேட்டது.

“என்ன?”

“இந்தத் தரையில நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேனுங்க. இன்னிக்கும் மாட்டேன், நாளைக்கும் மாட்டேன். என்னோட அண்டாவ வெளிய வெச்சிருக்கேன், ஐயா போறப்ப பாத்துட்டுப் போங்க.”

கூட்டத்தில் விடுதிப் பையன் ஒருவன் விசிலடித்தான். மாதேஸ்வரன் காது சிவந்தது. “ஒரு தீக்குச்சிக்கு இவ்ளோ ராங்கியா? ஐயா, நானே பத்த வைக்கறேன் ஐயா.” சட்டைப் பையைத் தடவினார். யாரோ தீப்பெட்டி கொடுத்தார்கள்.

அப்போதுதான் லூர்துமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“தாராளமாப் பத்த வைங்க சார். ஆனா கதவு சன்னல சாத்திக்கறோம். மழைக்காலத்துல இவ சாத்திக்கிட்டுத்தான் ஆக்கணும். நீங்க உள்ள இருந்து பாலு பொங்கற வரைக்கும் இல்ல, ஒரு அண்டா சோறு வேவற வரைக்கும், ஒன்றரை மணி நேரம், இருந்துட்டு வாங்க. தெனமும் ஒரு மாசம் இருங்க. அப்பறம் நீங்க கேட்ட எடத்துல நான் கையெழுத்துப் போடறேன்.”

மாதேஸ்வரன் தீக்குச்சியை உரசிவிட்டிருந்தார். அது எரிந்தது. அவர் அடுப்பைப் பார்த்தார். அடுப்புக்கு அடியில் இருந்த இடுக்கைப் பார்த்தார். காலை லேசாக எடுத்து வேறு கல்மேல் வைத்தார். அங்கேயும் ஓர் இடுக்கு. குச்சி விரல்வரைக்கும் வந்து சுட்டது, உதறினார்.

அதிகாரி முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுத் தலை நிமிர்ந்தார். “எந்தக் கையெழுத்து?”

மாது தாளை நீட்டினார். அதிகாரி படித்தார். புள்ளிக்கோட்டுக்கு அடுத்து, லூர்துமேரி தன் கையெழுத்தில் காலையில் எழுதி வைத்திருந்ததையும் படித்தார்: ‘பாட்டில்கள் இல்லை. தரை இடுக்கிலும் தொட்டிக் குழாயிலும் பாதரசம் உண்டு. ஒரு முழத்துக்கு அரைக் கரண்டி. இங்கே சமைக்கக் கூடாது. லூ. மேரி.’

“மிஸ்டர் மாதேஸ்வரன், இந்தம்மா சொல்றது தப்பா?”

“முழுத் தப்பு ஐயா. வேணும்னே கெளப்பற புரளி. அபாயம்னு ஒண்ணும் கிடையாது.”

“அப்போ இவங்க எதுக்கு? நீங்களே போட்டுருங்களேன். கல்லூரித் தலைவர், உங்களுக்கில்லாத அதிகாரமா?” என்று தன் பேனாவையே மூடி கழற்றி நீட்டினார்.

முதல்வர் பேனாவை வாங்கினார். அவருக்கு இந்தக் கல்லூரியில் கையெழுத்துப் போடாத தாள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு போடுவார். கோட்டுக்கு மேல் பேனா வந்தது. நின்றது.

“துறைத்தலைவர் வந்ததும் கலந்து பேசி...” என்றார் மாதேஸ்வரன்.

அதிகாரி பேனாவைத் திரும்ப வாங்கிப் பையில் குத்திக்கொண்டார். தாளின் ஓரத்தில், தரையைப் பெயர்த்துச் சுத்தம் செய்யும் வரை யாரும் புழங்கக் கூடாது என்று எழுதினார். எழுதிவிட்டுச் சங்கடமாகச் சுற்றிலும் பார்த்தார். வாழைமரம், மாலை, போட்டோக்காரர், எண்பது பசித்த பையன்கள். திறக்க வந்தவர் மூடிவிட்டுப் போவது நன்றாக இருக்காது.

“ஐயா,” என்றாள் தீர்த்தம்மாள். “மொதலுவரு வூட்டாண்ட கார் ஷெட்டு ஒண்ணு இருக்குதுங்க. நல்ல ஓடு. சிமெண்டுத் தரை. காருதான் இல்ல.”

“கார் வாங்கப் போறேன்!” என்றார் மாதேஸ்வரன்.

“வாங்கும்போது பாத்துக்கலாம்,” என்றார் அதிகாரி.

கல்வெட்டில் ‘இக்கட்டடம்’ என்று மட்டும்தான் வெட்டியிருந்தது. எக்கட்டடம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நாலு பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓட, பின்னாலேயே அடுப்புச் செங்கல், பானை, வாழைமரம், மைக்செட், அதிகாரி. பால் பொங்கியது. முதல்வரின் மனைவி பெரியம்மாள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் அவருக்காவது நியாயம் தெரிந்தது.

திங்கள்கிழமை முதல் கல் பெயர்ந்தது. வெயில் ஏறுவதற்கு முன் வேலை. கதவு சன்னல் எல்லாம் விரியத் திறந்து, மூக்கில் ஈரத்துணி. துணி ஆவியைத் தடுக்காது, கந்தகத் தூசிக்குத்தான் என்று லூர்துமேரி முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆகவே அரை மணிக்கு ஒரு தரம் எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வந்தாக வேண்டும். மோதிரம், தாலிக்கொடி எல்லாம் கழற்றி வெளியே. தங்கத்தையும் பாதரசம் விடாது. விளக்குமாறு கண்ணில் படக் கூடாது. சுரண்டிய காரைக்குக் கந்தகத்தூள் போட்டு டிரம்மில் அடைத்து மூடினாள். பெயர்த்த கல்லைத் துணி துவைக்கத் தரச் சொல்லி ஆறு பேர் வந்தார்கள். ஒருத்தருக்கும் தரவில்லை. புட்டியில் பாதரசம் நாளுக்கு நாள் ஏறி, மூன்றாம் வாரம் கழுத்தைத் தொட்டது.

அன்றைக்குத்தான் மாது ஓர் உறையோடு வந்தார். மாறுதல் உத்தரவு. ‘தம் பொறுப்பிலுள்ள பொருள்கள் அனைத்தையும் உரியவரிடம் ஒப்படைத்து, ஒப்புகை பெற்று, இன்றே விடுவித்துக்கொள்ள வேண்டியது.’

“ஒப்படைச்சுடறேண்ணா. நீங்க வாங்கிக்கறீங்களா? இந்தாங்க, இந்தப் புட்டி. மூணு டிரம். பேத்த கல்லு எழுபத்தெட்டு. ஒரு கையெழுத்துப் போதும்.”

மாது புட்டியைப் பார்த்தார். “எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கம்மா.”

துறைத்தலைவருக்குச் சொல்லியனுப்பினாள். முதுகு இன்னும் சரியாகவில்லை என்று பதில் வந்தது. புது ஆய்வுக்கூடத்து உதவியாளர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

லூர்துமேரி புட்டி மூடியை மெழுகு வைத்து இறுக்கி, மணல் நிரப்பிய வாளிக்குள் இறக்கி, தூக்கிக்கொண்டு முதல்வர் அறைக்கு நடந்தாள். வாளி கனத்தது, வழியில் இரண்டு தடவை கீழே வைத்துக் கை மாற்றினாள். மைதானத்தைத் தாண்டி அவள் வருவதை மாதேஸ்வரன் சன்னல் வழியாகப் பார்த்தார்.

“சார், ஒப்படைக்க வந்திருக்கேன். கதவத் திறங்க.”

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வாளியைக் கீழே வைத்தாள். பிறகு உத்தரவை நாலாக மடித்துக் கதவடியில் உள்ளே தள்ளினாள்.

“ஒப்புகை வாங்காம போவக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்குது சார். இன்னும் அறுவத்திரண்டு கல்லு பேக்க இருக்குது. முடிச்சுட்டு மறுபடி வரேன்.”